தண்ணீர் கேனும் தக்க உறுப்பினரும்: ஒரு கள ஆய்வு

ஆய்வுக் களம்: வேளச்சேரியில் மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இயங்கும் கோ-ஒர்க்கிங் கூடம். மேசை 22, சன்னல் 3, லிஃப்ட் இல்லை. ஆய்வாளர்: கூடத்தின் உரிமையாளராகிய அடியேன். நிதியுதவி: மாமனார். இடைக்கால அறிக்கை கேட்டு ஞாயிறுதோறும் போன் செய்கிறார்.

இத்துறையில் முன்னோடி வள்ளுவரே. 79ஆம் அதிகாரத்தில் நட்பைப் பாடியவர், மூச்சு வாங்குவதற்குள் 80இல் நட்பாராய்தல் என்று வடிகட்டி வைத்துவிட்டார். அப்படியும் மனசு ஆறாமல் 82 தீ நட்பு, 83 கூடா நட்பு. ஆகாத ஆள்களுக்காக மட்டும் 20 குறள். அவரும் இடத்தை வாடகைக்கு விட்டுப் பட்டவர் என்பது என் துணிபு.

நவீன காலத்துக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் 2005 ஆகஸ்டில், வாரத்துக்கு 2 நாள் என்று இந்தத் தொழிலைத் தொடங்கினார். முதல் மாதம் ஈ காக்கை வரவில்லை. எனக்கோ முதல் மாதமே மூவர் வந்தார்கள். காப்பீட்டு முகவர் ஒருவர், இருமல் மருந்து கேட்டு மாடியேறியவர் ஒருவர், பாத்ரூம் எங்கே என்றவர் ஒருவர். எண்ணிக்கையில் நான் முன்னோடியை விஞ்சியவன்.

பிறகுதான் பேனர் வைத்தேன்: 'அதிவேக நெட், ஏசி, காபி, முதல் நாள் இலவசம்.' மூன்று மெயில் ஐடி வைத்து மூன்று முதல் நாள் கொண்டாடினார் ஒருவர். இன்னொருவர் போனை ஸ்பீக்கரில் போட்டே பேசுவார். அவர் தங்கை கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் செய்தது சரியில்லை என்பதில் கூடம் முழுக்க ஒருமித்த கருத்து உண்டு. ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் புது ஏசி போட்டதும் 24 டிகிரியில்தான் ஓட வேண்டும் என்று மத்திய அரசே தீர்த்து வைத்த விவகாரம். என் கூடத்தில் தீரவில்லை. 18க்கு ஒரு கட்சி, மப்ளர் கட்டி ஒரு கட்சி. ரிமோட் இப்போது என் சட்டைப் பையில்.

லண்டனில் எட்வர்ட் லாய்டும் காபிதான் விற்றார். ஆனால் மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் அவர் கடையை மொய்த்தது காபிக்காக அல்ல. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்ற சேதி அங்கே கிடைத்தது. 1696இல் அதற்காகப் பத்திரிகையே அச்சிட்டார். பின்னாளில் அந்தக் கூட்டம்தான் உலகப் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தை ஆயிற்று. எனவே என் கருதுகோள்: ஆளைப் பார்த்துத்தான் ஆள் வரும். அந்த முதல் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கேதான் 20 லிட்டர் கேன். குழாயைத் திருகுகிறார்கள், 'கொர்' என்று காற்று வருகிறது. பெரும்பாலோர் காலி பாட்டிலோடு பூனை நடையில் திரும்பிவிடுகிறார்கள். சிலர், "சார், தண்ணி இல்ல" என்று பத்திரிகையாளர் போல அறிவித்துவிட்டுப் போகிறார்கள். மூடியைக் கிழித்து, கேன் கழுத்தைத் துடைத்து, தொடையில் ஒரு முட்டுக் கொடுத்துத் தூக்கிக் கவிழ்த்தவர் ஆறு மாதத்தில் ஒரே ஒருவர்: ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்கா.

20ஆம் தேதி நெருங்கினால் ரிட்டர்ன் போட அவரைத் தேடிப் படியேறுவார்கள். வந்தவர்களில் ஒரு டிசைனர் தங்கினார். அவரைப் பார்த்து ஒரு மொழிபெயர்ப்பாளர், அப்புறம் இரண்டு பேர். பேனரை இறக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

போன வாரம் அக்கா வந்து, "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க, அடுத்த தெருவுல ஒரு ரூம் கெடைச்சிருக்கு, தரைத்தளம்" என்றார். நால்வரும் அவரோடு போகிறார்கள். கருதுகோள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

படியிறங்கும்போது, கேன் போடுபவரின் நம்பர் கேட்டார். கொடுத்தேன்.