கடலில்லாத ஊரில் கடல் மயக்கம்

அரியலூர்ச் சீமையை விட்டுச் சமுத்திரம் பின்வாங்கிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டு ஆலைகள் வெட்டித் தின்றுகொண்டிருக்க, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் சாவதானமாகப் படுத்திருக்க, கப்பலே கண்டறியாத இவ்வட்டாரத்து வாலிபர்களைக் கடற்பிரயாணிகளின் குமட்டல் மட்டும், மெய்நிகர்க் கண்ணாடி வழியாக, வீடு தேடி வந்து விசாரிக்கிறது.

பேருந்தில், உட்காதின் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்று சாட்சி சொல்ல, கைப்பேசியில் ஆழ்ந்த கண் அதை மறுக்கும். கண்ணாடிக்குள்ளோ சாட்சிகள் கட்சி மாறுகிறார்கள்: கண் ஆகாயத்தில் பறக்கிறது, காது நாற்காலியை விட்டு அசைய மறுக்கிறது, வழக்கை விசாரிக்கும் மூளை, ஒரு பாவமும் அறியாத வயிற்றின்மீது தீர்ப்பை நிறைவேற்றுகிறது.

ஆரம்ப அப்பியாசிகள் நின்ற இடத்திலேயே நின்று, தம்மை நோக்கி வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும், 2018இல் வெளிவந்த 'பீட் சேபர்' போன்ற விளையாட்டில் தொடங்குவதே க்ஷேமம். நம் உத்தமர்களோ முதல் நாளே, அதுவும் பிரியாணிக்குப் பிற்பாடு, ரோலர் கோஸ்டரில்தான் ஆரோகணிப்பார்கள்.

“பஸ்ஸே ஏறலையேடா, அதுக்குள்ள என்னடா வாந்தி?” என்று பரிதவிக்கும் பெரியம்மா நீட்டுகிற எலுமிச்சம்பழத்தையும், கண்ணாடியைக் கழற்றாமல் அந்தப் பிள்ளையாண்டானால் காண இயலாது.