வில்லங்கம் பார்க்காத வீடு

"அத்தான், ரெண்டாவதா ஒரு வீடு வாங்கிட்டேன்" என்று அரிசோனாவிலிருந்து மைத்துனன் போன் செய்தான். "வில்லங்கம் பாத்தியா?" என்றேன். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் தலை நரைத்தவன் வேறென்ன கேட்பான்? "டயர் மட்டும் பாத்தேன் அத்தான்" என்றான்.

வாங்கியிருந்தது 1994 மாடல் மோட்டார் ஹோம். முன்னால் வேன், பின்னால் பெட்டி, டிரைவர் தலைக்கு மேல் ஒரு கட்டில். இந்த ரகத்துக்கு 'கிளாஸ் சி' என்று பெயர். பட்டாசுக்குச் சிவகாசி மாதிரி இந்த வண்டிகளுக்கு இண்டியானா மாநிலத்து எல்க்கார்ட். அங்கே இவற்றுக்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. "தம்பி வாங்குனதும் அங்கதான் இருந்திருக்கணும்" என்றாள் என் மனைவி.

வண்டியைக் கொல்லைப்புறத்தில் நிறுத்திக் குட்டி வீடாக மாற்றினால், அக்காவும் அத்தானும் வரும்போது ஆறு மாதம் சுதந்திரமாக இருக்கலாம் என்பது திட்டம். யாருடைய சுதந்திரம் என்று அவன் விளக்கவில்லை. அவன் ஊரான டூசான் போய் இறங்கிய மறுநாளே என் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான்.

இந்தப் பெட்டியின் எலும்புக்கூடு மரச்சட்டம். கூரை ஒரு ரப்பர் விரிப்பு. ஏசிக்கும் குழாய்க்கும் கூரையில் போட்ட ஓட்டைகளைச் சுற்றிப் பசை பூசியிருப்பார்கள். அது வெயிலில் வெடிக்கும்; அடிக்கடி பார்த்துத் திரும்பப் பூச வேண்டும். முந்தைய சொந்தக்காரர் ஓரிகன் மாநிலத்துக்காரர்; அண்ணாந்தே பார்க்காதவர் போலும். அந்த ஊர் மழை சாவகாசமாக இறங்கிச் சுவருக்குள் குடியேறியிருந்தது. உள்ளே நின்றபடி சுவரை விரலால் அழுத்தினேன். விரல் அந்தப் பக்கம் போய் அரிசோனாவைத் தொட்டது.

அழுகிய பலகையைப் பெயர்த்தால் அதைப் பிடித்திருந்த சட்டமும் அழுகல். சட்டத்தை எடுத்தால் அதன் தைரியத்தில் நின்ற ஜன்னல் கையோடு வந்தது. கடைசியில் எஞ்சியவை ஸ்டீயரிங்கும் ஒரு பூப்போட்ட திரைச்சீலையும். "இனிமே சுலபம் அத்தான், எல்லாமே புதுசு!" என்றான்.

அடுத்தது எடை. மொத்தம் இவ்வளவுதான் சுமக்கும் என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ போயிற்று. மிச்சத்தில் கட்டில், அலமாரி, மனிதர்கள். கிரைண்டர் உண்டு என்றாள் மனைவி. அப்படியானால் யாரையாவது இறக்கிவிட வேண்டும் என்று மைத்துனன் கணக்குப் போட்டான். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே ஒரு ஃபிரிட்ஜ். மோட்டார் கிடையாது, கேஸ் சுடரால் அம்மோனியாவைச் சூடாக்கினால் பெட்டி குளிர்கிறது. தீ வைத்தால் ஐஸ் பிடிக்கும் அதிசயம். ஆனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்தால் உள்ளே ஓட்டம் தடைப்பட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும். ரசமட்டத்தைப் பார்த்து டயருக்கு அடியில் பலகை செருகும் உத்தியோகம் எனக்கு. மனைவிக்கு ரசமட்டத்தில் நம்பிக்கை இல்லை. கல்லில் மாவை ஊற்றினாள். தோசை டிரைவர் சீட் பக்கம் ஓடியது. இன்னொரு பலகை செருகினேன்.

கழிவுக்கு இரண்டு தொட்டிகள். குளித்த தண்ணீருக்குச் சாம்பல் தொட்டி, மற்றதற்குக் கறுப்புத் தொட்டி. நிற்கிற வண்டிதானே என்று கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துச் சாக்கடையில் இணைப்பவர்கள் உண்டு. தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது ஓடாது. கோப்பைக்கு நேர் கீழே குவிந்து, உயர்ந்து, இறுகும். வண்டிக்காரர்கள் இதைப் பிரமிடு என்றே சொல்கிறார்கள். எகிப்துப் பிரமிடுக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டார்கள். இதற்கு ஒரு சிறு குடும்பம் போதும். ஆகவே வால்வை மூடியே வைத்து, தொட்டி நிரம்பும் தறுவாயில் மொத்தமாகத் திறக்க வேண்டும். அந்தப் பதவியையும் எனக்கே தந்தார்கள்.

வண்டி வீடாகத் தொடங்கியதும், இது வீடுதானா என்று எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்றது குடியிருப்போர் சங்கம். நிறுத்தலாம், குடியிருக்கக் கூடாது என்றது ஊர் நிர்வாகம். 400 சதுர அடிக்குள் அடங்கும் குட்டி வீடுகளுக்கு 2018 மாதிரிக் கட்டட விதிகளில் தனிப் பிரிவே உண்டு. ஆனால் அது அஸ்திவாரத்தில் நிற்கிற வீட்டுக்கு. மத்திய வருமான வரித் துறைதான் தாராளம்: படுக்க, சமைக்க, கழிப்பறை போக வசதி இருந்தால் இதுவும் வீடு, இதை ஈடு வைத்து வாங்கிய கடன் வட்டிக்கு நிபந்தனைகளோடு வரிச்சலுகைகூட உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். வட்டி கட்டலாம், படுக்கக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது.

மனம் வெறுத்து, மனைவிமார்களோடு குவார்ட்ஸைட் பாலைவனத்துக்கு ஓட்டிப்போனோம். குளிர்காலத்தில் கண்ணுக்கெட்டிய வரை இதே மாதிரி வண்டிகள். பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். அங்கே அரசு நிலத்தில் 14 நாள் இலவசமாகத் தங்கிவிட்டு நகர வேண்டும். சொந்த வீடா, வாடகையா என்று ஒருவரும் கேட்கவில்லை. டேங்க் காலியா என்று மட்டும் விசாரித்தார்கள்.

சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது மைத்துனன் கேட்டான்: "அத்தான், இன்னும் சோலார் போடணும். நீங்க மேனேஜரா இருந்தா இதுக்கு லோன் குடுப்பீங்களா?"

"வீட்டுக் கடன் கிடையாது மாப்பிள்ளே; சர்வே நம்பர் இல்ல, நம்பர் பிளேட்தான் இருக்கு. வண்டிக் கடனும் கிடையாது. வயசு முப்பது தாண்டியாச்சு. வேணும்னா நகைக் கடன் தரலாம்."

இருவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தோம். பெண்களின் நாற்காலிகள் காலி. வளையல்களோடு வண்டிக்குள் போய்த் தாழ் போட்டிருந்தார்கள். தட்டினோம், இழுத்தோம், அசையவில்லை. மைத்துனன் கைப்பட முதல் தடவையிலேயே சரியாக அமைந்தது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான்.