ஓமண்ணர் கண்ட கனவு

வெள்ளவத்தையில் பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் போனால், தண்டவாளத்தோரக் கட்டில் ஐந்தாறு பெரியவர்கள் இருப்பார்கள். தமிழரை ஊர்வாரியாகத் தரம் பிரிப்பது அவர்கள் வேலை. தலையாட்டுவது ஓமண்ணரின் வேலை.

அது பெற்றோர் வைத்த பெயரல்ல. "தீவார் யாவாரத்துக்கெண்டே பிறந்தவை" என்று ஒருவர் தொடங்கினால், வசனம் முடிய முன்பே "ஓம் ஓம்" வந்துவிடும். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்றாலும் ஓம். இத்தனைக்கும் அண்ணரின் மனைவி மட்டக்களப்பு. முப்பது வருஷமாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டில் பாய் எதையும் நான் காணவில்லை.

57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம் என்றால் முன்வரிசையில் இருந்து இரண்டு அணிக்கும் தலையாட்டுவார். குழம்புவது நடுவர்தான்.

போன கிழமை காலி வீதியில் என்னை மறித்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு பொல்லாத கனவு" என்றார்.

கனவில் கட்டுக் கூட்டம் முழுக்க 155 பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போகிறது. யாழ்ப்பாணத்தார் ஆளுக்கொரு பனங்கொட்டை சூப்புகிறார்கள், ஓய்வுபெற்ற கணக்காளர் உட்பட. நெடுந்தீவார் பஸ்ஸுக்குள்ளேயே மட்டக்குதிரையில் இருந்தபடி சோடா விற்கிறார். சீற்றெல்லாம் பாய், இருந்தவர் எவராலும் எழும்ப முடியவில்லை. கொண்டக்டர் இறங்கும் இடம் கேட்கவில்லை. "ஊரில எவடம்?" என்று கேட்டு, பதிலுக்கேற்ப மிச்சக்காசு கொடுக்கிறான். (அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் மற்றக் கேள்வி நமக்குத் தெரியாததா?)

லூசியா தேவாலயத்தடியில் யாரோ வழமைபோல, "இஞ்சத்தை ஆக்கள் கதைக்கிறதும் தமிழே?" என்றாராம். அண்ணரின் வாய் திறந்தது. "இல்லை" என்று வந்தது. "அதுவும் தமிழ்தான். நல்ல தமிழ்!"

"பிறகென்ன, சண்டையோ?"

"சண்டையெண்டால் பரவாயில்லையே! எல்லாரும் பனங்கொட்டையை எறிஞ்சுபோட்டு, 'எங்களுக்கும் அப்பிடித்தான் அண்ணை பட்டது. நீங்கள் ஓம் எண்டபடியால்தான் நாங்களும் பேசாமல் இருந்தனாங்கள்' எண்டாங்கள். வேர்த்து விறுவிறுத்து எழும்பிட்டன்."

தோஷம் கழிய ஜிந்துப்பிட்டி முருகனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்திருக்கிறாராம். அதிலும் ஒரு சிக்கல்.

"கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏன் போனனீ எண்டு கட்டில கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? பம்பலப்பிட்டிக் கதிரேசனிட்டையே முடிப்பம். அவரும் முருகன்தானே. அங்கை போனால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம்."