நாளை ஸ்கூல் லீவா?

எனக்கு எப்படித் தெரியும்? கலெக்டரைக் கேளுங்கள். அவரும் விடியற்காலை வரை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். ஆனால் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்துவிட்டீர்கள் அல்லவா, எனக்கு அது போதும். வாசகரை ஈர்க்கும் கலையில் முதல் பாடம் முடிந்தது.

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ் இணையத்தில் இந்தப் பயிர்தான் முப்போகம் விளைகிறது. ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? வெளியான முக்கிய அறிவிப்பு!’ திறந்தால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் என்ற அரிய கண்டுபிடிப்பு. அதன் கீழே ஒரு விளம்பரம். அடுத்த பத்தியில், கனமழை பெய்தால் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது வழக்கம் என்ற தகவல். இன்னொரு விளம்பரம். ஆறாவது பத்தியில், தொண்டை வறண்டு போனபின் ஒரு சொட்டு: ‘இது குறித்து அதிகாரபூர்வ அறிவிப்பு இதுவரை வெளியாகவில்லை.’ அதாவது, அறிவிப்பு வெளியாகவில்லை என்பதுதான் வெளியான முக்கிய அறிவிப்பு.

இந்த மாதிரி முந்நூறு கட்டுரையாவது எழுதியிருப்பேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் இணையதளத்தில் இரண்டு வருடம் டெஸ்க்கில் இருந்த பாவம் அது. அங்கே ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு மேலே எஸ்.இ.ஓ., அதாவது கூகுள் தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலை, பார்க்கும் தம்பி ஒருவர் இருந்தார். தலைப்பை ஆசிரியர் வைப்பார், தம்பி எடுப்பார்.

2022-ல் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது ஒரு கட்டுரை எழுதினேன். தென்சென்னையில் பல ஏரிகளின் உபரிநீர் அங்கேதான் வந்து சேர வேண்டும், ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலுக்கு வடிய வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதியில் இன்று குப்பைமேடும் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரும்போது யார் வீட்டுக்குள் நுழையும் என்பதுதான் கட்டுரை. நாலு நாள் அலைந்து எழுதியது.

தம்பி திரையை என் பக்கம் திருப்பினார்.

“சார், ‘சதுப்பு நிலம்’னு யாருமே தேடலை. பாருங்க, வால்யூமே இல்லை.”

“தேடாததாலதானே தம்பி எழுதுறோம்?”

“‘பள்ளிக்கரணை பிளாட் விலை’ன்னு தேடுறாங்க சார். நல்லா தேடுறாங்க. அந்த கீவேர்டை முதல் பத்தியில ஒண்ணு, நடுவுல ரெண்டு, சப் ஹெட்டிங்ல ஒண்ணு வெச்சுடலாம்.”

வைத்தார். கருவாட்டுக் குழம்பில் கல்கண்டு போட்டது போல் கீவேர்டு ஆங்காங்கே மிதந்தது. நான் இடம் வாங்காதீர்கள் என்று சொன்ன காரணங்களைத் தம்பி எண்ணிப் பார்த்தார், ஐந்து இருந்தன. தலைப்பு தயார்: ‘பள்ளிக்கரணையில் பிளாட் வாங்கலாமா? கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்!’

தம்பி கெட்டவர் இல்லை. மாதம் இத்தனை லட்சம் பேர் வர வேண்டும், வராவிட்டால் அவர் சீட்டு கிழியும். இலக்கணமும் என்னைவிட அவருக்குத் தெளிவு. தங்கமும் விலையும் சேர்ந்தால் ‘தங்க விலை’. மகர மெய் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஜனங்கள் ‘தங்கம் விலை’ என்று தட்டுகிறார்கள். ஆகவே தமிழ்நாட்டுத் தளங்கள் அத்தனையிலும் தினமும் காலை ‘தங்கம் விலை’தான் ஏறுகிறது, இறங்குகிறது. இரண்டாயிரம் வருடப் புணர்ச்சி விதி, தேடல் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நிற்கிறது.

பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கூகுளின் கதை சுவையானது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கண்டுபிடித்த முறையில், ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் கொடுக்கும் லிங்க் ஓர் ஓட்டு. பெரிய மனிதர் போட்ட ஓட்டுக்கு மதிப்பு கூட. அறிஞர்கள் ஒருவர் ஆய்வை மற்றவர் மேற்கோள் காட்டுவதைப் பார்த்து வந்த யோசனையாம். ஓட்டு என்று சொன்ன பிறகு நமக்கு விளக்க வேண்டுமா? 2009-ல் திருமங்கலம் இடைத்தேர்தலில் நாம் உலகுக்குத் தந்த ‘ஓட்டுக்குக் காசு’ ஃபார்முலாவை லிங்க் வியாபாரிகள் அதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். காசு கொடுத்தால் பேக்லிங்க். நூறு லிங்க் எடுத்தால் பத்து இனாம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் கீவேர்டைக் கொட்டி, மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் எந்திரத்துக்கு மட்டும் ஊட்டியவர்களும் உண்டு.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2011-ல் பாண்டா என்ற பெயரில் குப்பைத் தளங்களைக் கீழே தள்ளியது. 2012-ல் பெங்குவின் வந்து வாங்கிய லிங்க்குகளைக் கொத்தியது. 2022 ஆகஸ்டில், ‘மனிதருக்காக எழுதப்பட்டதற்கே மதிப்பு’ என்று அறிவித்தது. எங்கள் அலுவலகத்தில் உடனே ஒரு கூட்டம் போட்டார்கள். பொருள்: மனிதருக்காக எழுதியது போல் கூகுளுக்குத் தோன்ற வைப்பது எப்படி?

சிரிப்பு இதோடு சரி. ஒரு நடிகர் இறந்த அன்று நான் டெஸ்க்கில் இருந்தேன். உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அஞ்சலிக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். “அது மெதுவா வரட்டும் சார், ‘சொத்து மதிப்பு எவ்வளவு’ டிரெண்டிங்ல இருக்கு” என்றார்கள். எழுதினேன். எங்கிருந்து எடுத்தேன் என்கிறீர்கள்? வேறொரு தளம் ஊகமாகப் போட்ட தொகையிலிருந்து. அந்தத் தளம் எங்கிருந்து எடுத்ததோ. சாவு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து பீரோ சாவி எங்கே என்று கேட்பவனை ஊர் அடித்துத் துரத்தும். அந்த வேலைக்கு எனக்கு இன்சென்டிவ் கிடைத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தொடை வரை தண்ணீர். மின்சாரம் இல்லை, செல்போனில் பதினோரு சதவீதம் சார்ஜ். மேல்மாடியில் ஒரு கைக்குழந்தை பாலுக்கு அழுகிறது. பால் எங்கே கிடைக்கும், படகுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தேடினேன். முதலில் வந்தது, ‘மிக்ஜாம்: புயலுக்கு இந்தப் பெயர் வைத்த நாடு எது தெரியுமா?’ தெரியும், மியான்மர். குழந்தைக்குப் பால் வரவில்லை. அடுத்தது, ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?’ அவசரத்தில் கை பட்டுத் திறந்தது. வாசித்தால், வாக்கியம் வாக்கியமாக எனக்குத் தெரிந்த நடை. முந்தைய வருடம் நான் எழுதியதேதான். தேதியை மட்டும் மாற்றி, புதிதாகப் பிடித்த மீன் என்று மறுபடி விற்றிருந்தார்கள். பக்கம் முழுவதும் இறங்கி முடிப்பதற்குள் சார்ஜ் ஒன்பதாகியிருந்தது. கடைசியில் பால் கிடைத்தது எதிர்வீட்டு அக்காவிடமிருந்து. மாடியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கினார்.

விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி, தேடுபவரை விட்டுவிட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. எழுதியவர்கள் பேஜும் பிரின்னும். இப்போது அவர்களுடைய தேடுபொறியே விடையைத் தானே சமைத்து மேலே வைத்துக்கொள்கிறது, கீழே இருக்கும் எங்கள் பக்கம் யாரும் வருவதில்லை. தளங்கள் ஒப்பாரி வைக்கின்றன. ஒப்பாரிக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை. கூகுளுக்குப் படைத்த சோற்றைக் கூகுள் தின்றது. வாசகருக்கு என்றைக்கு இலை போட்டோம்?

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். தம்பி இப்போது வேறொரு தளத்தில் இன்னும் நல்ல சம்பளத்தில் இருக்கிறார். பள்ளிக்கரணைக் கட்டுரை முதல் பக்கத்தில் வந்ததாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். என் எச்சரிக்கைகள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு விளம்பரம் ஓடுகிறது: மூன்று படுக்கையறை, பால்கனியில் நின்றால் ஏரி தெரியும், முன்பதிவுக்கு இங்கே தொடவும்.