ஹாரன் இல்லாத மலை

மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு மலைப்பாதையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. மேலே ஊத்து எஸ்டேட்டுக்குப் போகிற பஸ்ஸில், வாந்தி எடுக்கிறவர்களுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தே வளர்ந்தவன் நான். போன வருஷம் ஒரு மலையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மலையில் வளைவே கிடையாது.

அக்கா மகன் ஜெனீவாவில் இருக்கிறான். "மாமா, இத்தாலிக்குப் போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துருவோம்" என்றான். நடுவில் மோன் பிளாங்க் நிற்கிறது, 4,800 மீட்டருக்கு மேல். காப்பிக்கு நடுவே மலை நின்றால் நாம் காப்பியை விட்டுவிடுவோம். அவர்கள் மலையை 11.6 கிலோமீட்டருக்குக் குடைந்து, 1965-இல் ரோடு போட்டுவிட்டார்கள்.

பிரான்ஸ் பக்கம், ஷாமொனியில் சுங்கச்சாவடி. காருக்கு ஒரு வழிக்கு 50 யூரோவுக்கு மேல். அதை ரூபாயாக்கிப் பார்த்தேன். எங்கள் லைன் வீட்டு ஆட்கள் மொத்தத்தையும் அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப்போய் சினிமா காட்டி, புரோட்டாவும் வாங்கிக்கொடுத்து ஏற்றிவிடலாம். "போக வரச் சேர்த்து எடுத்தா கொஞ்சந்தான் கூட, மாமா" என்றான். போனவர் அங்கேயே தங்கிவிடாமலிருக்க ஏற்பாடு போலிருக்கிறது.

சுரங்கத்துக்குள் விதிகள், அச்சடித்த தாளில். வேகம் 70-ஐத் தாண்டக் கூடாது, 50-க்குக் குறையவும் கூடாது. எங்கள் ரோட்டில் ஒரு வண்டி 50-ஐ எட்டினால் பிரேக் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்தது, முன்வண்டிக்கு 150 மீட்டர் தள்ளி வரவேண்டும். அளந்துகொள்ளச் சுவரில் நீல விளக்குகள். மாஞ்சோலை பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற ஜீப் டிரைவர், கடைசி சீட்டுக்காரரிடம் பீடிக்கு நெருப்பு வாங்கும் தூரத்தில்தான் வருவார்.

இரண்டு நிமிஷம் பொறுத்துவிட்டுக் கேட்டேன். "ஏலே, ஹாரன் அடிக்க மாட்டியா?"

"எதுக்கு மாமா?"

எதுக்கா! எங்கள் பாதுகாப்புச் சட்டம் முழுவதும் ஹாரனில்தான் இருக்கிறது. வளைவுக்கு முன்னால் ஒரு நீள ஹாரன். அந்தப் பக்கம் பதில் வந்தால் இந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும். இரண்டு பேரும் ஒதுங்காவிட்டால் கண்டக்டர் இறங்கி, "வா, வா, வரலாம்" என்று பள்ளத்தின் விளிம்புவரை பஸ்ஸைக் கொஞ்சிக் கூப்பிடுவார். யானை நின்றால் மட்டும் ஹாரன் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு அது கிளம்பும்வரை காத்திருப்போம். அழுகிற பிள்ளை வாயில் யாராவது முறுக்கைத் திணிப்பார்கள். இதெல்லாம் எந்தத் தாளிலும் அச்சடித்ததில்லை.

அவர்கள் ஏன் அச்சடித்தார்கள் என்பதையும் அவனே சொன்னான். 1999 மார்ச் 24 அன்று, மாவும் மார்ஜரினும் ஏற்றிவந்த லாரி ஒன்று நடுச்சுரங்கத்தில் தீப்பிடித்தது. 53 மணி நேரம் எரிந்தது. 39 பேர் போய்விட்டார்கள். 2002-இல் மறுபடி திறக்கும்போது, புகை நுழையாத புகலறைகளும், அங்கிருந்து ரோட்டுக்கு அடியில் நடந்தே தப்பிக்கும் வழியும் இருந்தன. அதற்குமேல் நான் ஹாரனைப் பற்றிப் பேசவில்லை. நீல விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் இத்தாலி. காப்பி, கண்ணுக்கு மருந்து விடுகிற அளவு.

குடிக்கும்போதுதான் உறைத்தது. காசு வாங்கியவர்கள் எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் காசு குறைவு, கேள்வி அதிகம். புலிகள் காப்பகத்துக்குள் போகிற பாதை, கேட்கத்தான் வேண்டும். மேலே இருக்கிற மாஞ்சோலை, சிங்கம்பட்டி ஜமீனிடம் ஒரு கம்பெனி 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிய எஸ்டேட். குத்தகை முடியும் முன்பே, 2024-இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் கையெழுத்திட்டார்கள். லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

ஊர் திரும்பியதும் மாஞ்சோலைக்குப் போனேன்.

"மேல யாரு இருக்கா, அண்ணாச்சி?" என்றார் செக்போஸ்ட் காவலர்.

யோசித்துப் பார்த்தேன். "வீட்டுக்குப் பின்னால ஒரு பலாமரம் இருக்கு."

அவர் நோட்டில் 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள இறங்கிரணும்."

"போக வரத்தான்" என்றேன்.