ஜீலாங் கடிதம்: முயலுக்கு எந்தத் துப்பாக்கி?

ஜீலாங், விக்டோரியா மாநிலம், ஆஸ்திரேலியா.

கண்டரமாணிக்கத்து ஊராருக்கு,

"நம்ம பிள்ளை வெளிநாட்டில் துப்பாக்கி வாங்கிவிட்டாராமே" என்று ஊருக்குள் பேச்சு ஓடுவதாகக் கேள்வி. ரைபிள் பீரங்கியாகி, முயல் ஆளாகிப் போவதற்குள் நடந்ததை எழுதிவிடுவது நல்லது.

சம்பந்தப்பட்டவரைக் கண்டரமாணிக்கத்தார் என்றே வைத்துக்கொள்வோம். பெயரைப் போட்டால் அவருடைய ஆத்தாவுக்கு மனத்தாங்கல் வரும். ஜீலாங்கில் கணக்கர் உத்தியோகம். ஊரில் இருந்தவரை அவர் பிடித்த ஒரே ஆயுதம் ரோல் கேப் போட்டுச் சுடும் தீபாவளித் துப்பாக்கி. அதிலும் பிறந்த வட்டாரம் எது? சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறதே, 1977-ல் அறிவித்தது, அந்தக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத ஜனங்கள் இருக்கிற வட்டாரம். அங்கிருந்து வந்தவர் தோட்டா விலை விசாரிக்கும் நிலைக்கு ஆளானது முயலால்தான்.

ஜீலாங்கிலிருந்து மேற்கே காரில் அரை மணி நேரம் போனால் வின்செல்ஸி. அங்கே பார்வன் பார்க் என்ற பண்ணையில் தாமஸ் ஆஸ்டின் என்ற வெள்ளைக்காரர் இருந்தார். பொழுது போகாமல் இங்கிலாந்திலிருந்து முயல் வரவழைத்தார். 1859 கிறிஸ்துமஸ் அன்று கப்பலில் வந்திறங்கியவை இரண்டு டஜன். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை; முயலுக்கு யாரும் குடும்பக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுக்கவில்லை. 1867-ல் விக்டோரியா மகாராணியின் மகன் ஆல்ஃபிரெட் இளவரசரே அங்கே வந்து முயல் சுட்டுவிட்டுப் போனார். இளவரசரை உட்கார வைக்க இந்த வீடு லாயக்கில்லை என்று ஆஸ்டின் வீட்டு அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. கருங்கல்லில் பெரிய மாளிகை எழும்பியது. அது முடிந்த கையோடு 1871-ல் ஆஸ்டின் போய்ச் சேர்ந்தார். அந்த மாளிகை இன்றும் நிற்கிறது. வளவும் முகப்புமாகக் கட்டிப் போட்டுவிட்டு ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன பரம்பரையில் வந்த கண்டரமாணிக்கத்தாருக்கு, அதைப் பார்த்ததும் சொந்தக்காரர் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்ததாம்.

முயல்கள் கண்டம் முழுவதும் பரவின. மேற்கு ஆஸ்திரேலியாவில் வேலி போட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். 1907-ல் முடிந்த அந்த வேலிகள் மூன்றையும் சேர்த்தால் 3,256 கிலோமீட்டர். கம்பி முடிவதற்கு முன்பே முயல் அந்தப் பக்கம் போயிருந்தது. 1950-ல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். கொத்துக் கொத்தாகச் செத்தன. மிஞ்சியவை எதிர்ப்புச் சக்தியோடு திரும்பி வந்தன. 1995-ல் வார்டாங் தீவில் சோதனையில் வைத்திருந்த இன்னொரு வைரஸ், அதிகாரிகள் தேதி குறிப்பதற்குள் தானே தப்பித்துக் கரையேறி வேலையைத் தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் பிறகும், கண்டரமாணிக்கத்தாரின் அலுவலக நண்பருக்கு மாமனார் முறையான ஒருவரின் ஆட்டுப் பண்ணையில் சாயங்காலமானால் முயல்கள் வரிசை கட்டி மேய்கின்றன. வளைக்குள் கால் விட்டு ஆடு கால் ஒடித்துக்கொள்கிறது. "வந்து சுட்டுக் கொடுங்களேன்" என்றார் அந்தப் பெரியவர். இவரும் ஏதோ நினைப்பில் சரி என்று தலையாட்டிவிட்டார். ஆஸ்திரேலியாவில் தலையாட்டினால் 'ஆமாம்' என்றுதான் அர்த்தம்.

சினிமாவில் மாதிரி கடைக்குப் போய்க் காசை வைத்துத் துப்பாக்கியைத் தூக்கி வரும் தேசம் இதுவல்ல. 1996 ஏப்ரல் 28-ல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அப்போது ஜான் ஹோவர்ட் பிரதமர். சில நாட்களிலேயே எல்லா மாநிலங்களும் ஒரே உடன்படிக்கைக்கு வந்தன. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களைச் சாதாரண ஜனங்களிடமிருந்து அரசாங்கமே விலை கொடுத்து வாங்கி நசுக்கியது; ஆறு லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகள் உள்ளே வந்தன. எதற்காகத் துப்பாக்கி என்று தக்க காரணம் காட்ட வேண்டும். 'தற்காப்புக்கு' என்று எழுதினால் மனு அங்கேயே முடிந்தது. குறி சுடும் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம், நிலத்துக்காரரின் அனுமதியோடு வேட்டையாடலாம். பயிற்சி வகுப்பு, பின்னணி விசாரணை, வாங்குவதற்குத் தனி அனுமதி, அதற்கு 28 நாள் காத்திருப்பு.

அப்புறம் பெட்டகம். சுவரோடு போல்ட் அடித்த இரும்பு அலமாரியில் துப்பாக்கி, வேறொரு பூட்டிய பெட்டியில் தோட்டா. இந்தக் கட்டத்தில் கண்டரமாணிக்கத்தாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஊரில் பெட்டகசாலை இரும்புப் பெட்டிக்கு எத்தனை சாவி, எந்தச் சாவி யார் இடுப்பில் என்று பார்த்து வளர்ந்தவர் அல்லவா? சாவியை அவர் ஒளித்து வைத்த இடம் இன்றுவரை வீட்டுக்கார ஆச்சிக்குத் தெரியாது. சட்டப்படி தெரியவும் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். எந்தத் துப்பாக்கி?

கடைக்காரர் நரைத்த தாடிக்காரர். கண்டரமாணிக்கத்தார் நான்கு கம்பெனிப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தார். தாடிக்காரர் சீட்டை வாங்கி, படிக்காமலே கவிழ்த்து வைத்தார். "எதைச் சுட? எவ்வளவு தூரத்தில்? எத்தனை தோட்டாவுக்குச் செலவழிக்க மனசு?" என்று மூன்றே கேள்வி. ரைபிள் வாங்குகிற எவரும் கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது இந்தக் கடிதம் எழுதுபவரின் அபிப்பிராயமும்கூட. தோட்டாவை முதலில் முடிவு செய்தால் துப்பாக்கி தானாக அமையும்.

முதல் தோட்டா .22 லாங் ரைபிள். 1887-ல் வந்த சரக்கு. அடிவிளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும் ரிம்ஃபயர் வகை. ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும்படி, விநாடிக்கு சுமார் 320 மீட்டர் வேகத்தில் வரும் தோட்டாவைப் போட்டால், காற்றைக் கிழிக்கும் அந்தப் 'படார்' இருக்காது. பக்கத்து முயல் மேய்ச்சலை நிறுத்தாது. 50 மீட்டருக்குக் குறி வைத்துக்கொண்டால் நூறு மீட்டரில் குண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே ஐம்பது, அறுபது, மிஞ்சினால் எண்பது மீட்டர் வேலைக்கு இது. இரண்டாவது, 2002-ல் ஹார்னடி கம்பெனி கொண்டு வந்த .17 எச்எம்ஆர். குண்டு ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், வேகம் விநாடிக்கு 775 மீட்டர். நூறு மீட்டர் தாண்டியும் கோடு போட்ட மாதிரி போகும். ஆனால் காற்றடித்தால் விலகும். பட்ட இடத்தில் சிதறும். மூன்றாவது .223 ரெமிங்டன். நடுவில் ஊசி தட்டும் சென்டர்ஃபயர், கிட்டத்தட்ட 1,000 மீட்டர் வேகம். நரிக்குச் சரி. முயலுக்கு இதை எடுப்பது முயலுக்கே அவமரியாதை.

கண்டரமாணிக்கத்தார் கேட்டது ஒன்றுதான்: "இதில் எது பட்டால் கறி மிஞ்சும்?"

தாடிக்காரர் சிரித்துக்கொண்டே .22 பெட்டியைத் தட்டினார். ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி. பக்கத்தில் இருபது தோட்டா கொண்ட .223 பெட்டி, விலை பல மடங்கு. கணக்கர் உள்ளம் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டது. சட்டமும் அதையே சொன்னது: .22 போல்ட் ஆக்ஷன் 'ஏ' வகை. சென்டர்ஃபயர் 'பி' வகை. பி வகைக்குக் காரணம் மட்டும் போதாது, அந்த வகைதான் வேண்டும் என்பதற்குத் தேவையையும் நிரூபிக்க வேண்டும். அரைத் தானியங்கி .22 என்றால் 'சி' வகை. விவசாயி மாதிரி சிலருக்குத்தான், அதுவும் கெடுபிடியோடு.

போல்ட் ஆக்ஷன் என்பது வேறொன்றுமில்லை, நம் வீட்டு முகப்புக் கதவின் தாழ்ப்பாள்தான். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே துள்ளும். முன்னே தள்ளினால் மேகஸினிலிருந்து அடுத்தது குழலுக்குள் ஏறும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டு. நகரும் உறுப்பு குறைவு. தோட்டா ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அசையாமல் உட்காரும். குறி பிசகாததற்கு அது பெரிய காரணம். சுடுகிறவரையும் நிதானப்படுத்துகிறது. அடுத்த குண்டுக்குக் கை வேலை செய்தாக வேண்டும் என்பதால் முதல் குண்டை யோசித்துச் சுடுகிறார்.

மேசைமேல் நான்கு ரைபிள் வந்தன. 1912-ல் தொடங்கிய லித்கோ தொழிற்சாலைப் பெயரில் வரும் உள்நாட்டு எல்ஏ101. ஃபின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ், பிளாஸ்டிக் கட்டை, மழைக்கும் சேற்றுக்கும் கவலையில்லை. ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ், ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டிகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்; விலையைக் கேட்டதும் கண்டரமாணிக்கத்தார் அதை இரண்டு கையாலும் பத்திரமாகத் திருப்பி வைத்தார். நான்காவது செக் நாட்டின் சிஇசட் 457, வால்நட் மரக்கட்டை. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து வளர்ந்தவர் கை மரத்தைக் கண்டால் சும்மா இருக்குமா? தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். தாடிக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார்.

மரம் மட்டும் காரணமல்ல என்று அவர் இன்றைக்கும் வாதாடுகிறார். அதன் தாழ்ப்பாள் 60 டிகிரி தூக்கினாலே திறக்கும், மேலே ஸ்கோப் பொருத்தியிருந்தாலும் விரல் இடிக்காது. விசையின் இறுக்கத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். எல்லாம் உண்மைதான். கனத்த குழலா, மெல்லிய குழலா என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். கனத்த குழல் மேசையில் வைத்துக் குறி சுட அசையாமல் இருக்கும். பண்ணையில் தோளில் தூக்கி நடந்தால் அரை மணியில் தோள் கேள்வி கேட்கும். நடுத்தரமாக ஒன்றை எடுத்தார். ஸ்கோப்பிலும் ஒரு சூட்சுமம்: பெரிய ரைபிளுக்கானது பெரும்பாலும் நூறு கஜத்தில் துல்லியமாகும்படி அமைத்தது, ரிம்ஃபயருக்கென்று ஐம்பது கஜத்துக்கு அமைத்தது தனி. இதைத் தெரியாமல் விலையைப் பார்த்து மாற்றி வாங்குகிறவர்கள் கண்ணை அரை அங்குலம் நகர்த்தினால் குறியும் நகர்வதைக் கண்டு துப்பாக்கியைத் திட்டுவார்கள்.

லிட்டில் ரிவரில் ஈகிள் பார்க் என்ற சுடுதளம் இருக்கிறது. அங்கே போன முதல் நாள் படுத்து, பையில் சாய்த்து, 50 மீட்டர் தாளில் சுடத் தொடங்கினார். ஒலிம்பிக் 50 மீட்டர் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்ப் பக்கத்து ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதே தூரத்தில், இதே .22 தோட்டாவில்; மண்டியிட்டும் படுத்தும் நின்றும். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது 10 மீட்டர் காற்று ரைபிள். அதில் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர். கண்டரமாணிக்கத்தாரின் முதல் தாளை எடுத்துப் பார்த்த தளக் காவலர், "மூலைகளை நன்றாகப் பாதுகாத்திருக்கிறீர்கள்" என்றாராம்.

ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா வேறு. ஒரே மாடலில் இரண்டு ரைபிள் இருந்தாலும் ஒன்றுக்கு ஒத்தது மற்றதற்கு ஒத்துவராது. ஆகவே விதவிதமான பெட்டி வாங்கி, ஐந்தைந்தாகச் சுட்டு, ஓட்டைகளின் பரப்பை அளந்து பார்க்க வேண்டும். இங்கேதான் கணக்கர் ரத்தம் பேசியது. தோட்டாப் பெயர், விலை, ஐந்து ஓட்டையின் அகலம், காற்று எந்தப் பக்கம் என்று நீளக் கட்டத்தில் பேரேடு போட்டார். மாதக் கடைசியில் ஐந்தொகை எடுத்தார். மத்திய விலைத் தோட்டா ஒன்று, அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ளதைத் தோற்கடித்திருந்தது. அன்று வீட்டில் பாயசம்.

ஆத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் விஷயம் போனதும் முதல் கேள்வி, "ஏம்ப்பா, அங்க யாரோட சண்டை?" சண்டையில்லை, விளையாட்டு என்றார். "அஜித் சுடுறாரே, அதுவா?" 2022-ல் திருச்சி மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கம் வாங்கியது நம்மூர் வரைக்கும் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. அவருடைய ஐயா மட்டும் மசியவில்லை. "சின்ன மருது வளரி வீசின சீமையில பொறந்துட்டுக் குழல் வச்சுச் சுடுறதுல என்ன பெருமை?" என்றார். ஐயா சொன்னதில் விஷயம் இருக்கிறது. சின்ன மருதுவிடம் வளரி என்ற எறிதடியை வீசக் கற்றதாகக் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் நூறு கஜம் வரை குறி தப்பாதாம். அந்த மருதிருவரை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட ஆங்கிலேயப் படையோடு வந்தவரும் அவர்தான். ஸ்கோப்பும் வால்நட் கட்டையும் வைத்துக்கொண்டு கண்டரமாணிக்கத்தாருக்கு எட்டுவது எண்பது மீட்டர். ஐயா கணக்கில் இது நஷ்டம்.

பண்ணையில் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. முயலுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுடலாம். இத்துனூண்டு .22 குண்டு, மேல்நோக்கிப் போனால் இரண்டு கிலோமீட்டர் வரை பறக்கும்; கல்லில் பட்டால் எங்கே திரும்பும் என்று அதற்கே தெரியாது. கண்டரமாணிக்கத்தார் சரிவில் படுத்து, மேடு பார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, சுட்டார். முயல் அப்படியே சாய்ந்தது. மிக்ஸோமா நோய் கண்டதா என்று கண்ணையும் காதையும் பார்த்து, ஈரலைப் பார்த்து, சுத்தமானதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆச்சி கல்பாசி, மராட்டி மொக்கு, சோம்பு வறுத்து அரைத்து வறுவல் வைத்தார். பண்ணைப் பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, தட்டை மறுபடியும் நீட்டினார்.

சாப்பிட்டு முடித்த பெரியவர், ஆட்டுக்குட்டியை நரி தூக்குகிறது என்று மெதுவாக ஆரம்பித்திருக்கிறார். நரிக்கு .22 பற்றாது. விக்டோரியா அரசாங்கம் 2011-ல் நரிக்குத் தலைக்குப் பத்து டாலர் என்று சன்மானத் திட்டம் தொடங்கியதும் இவர் காதுக்கு வந்துவிட்டது. சென்டர்ஃபயரின் பித்தளைக் கூட்டை மறுபடியும் மருந்து போட்டு நிரப்பலாம் என்பதைத் தாடிக்காரர் போன வாரம்தான் சொன்னாராம். கண்டரமாணிக்கத்தார் இப்போது பேரேட்டில் புதுப் பக்கம் திறந்து, தோட்டா, மருந்து, பெட்ரோல் ஒரு பக்கமும் நரி மறுபக்கமுமாக எழுதிக்கொண்டிருக்கிறார். பி வகை மனுவும் மேசையில் இருக்கிறது. ஆத்தாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் பார்த்து வாசிக்கவும்.