முப்பது மீட்டர் கைகழுவல்

வாட்சின் பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீ’ என்று பொறித்திருக்கிறார்கள். பத்து மாடி ஆழம். நம்பிக் குளத்தில் குதித்துவிடாதீர்கள். கூடவே வரும் கையேட்டைப் படியுங்கள்: கை கழுவலாம், தூறலில் நனையலாம், நீந்தக் கூடாது. முப்பது மீட்டர் என்றால் வாஷ்பேசின். 50 என்றால் கொஞ்ச நேரம் நீச்சல்குளம். நிம்மதியாக நீந்த 100 வேண்டும். இந்தக் கணக்கில் துணி அளந்தால் ஜவுளிக்கடைக்காரரை எடையளவுச் சட்டத்தில் பிடித்திருப்பார்கள்.

கேட்டால் பதில் தயார். அது ஆழமில்லையாம், அழுத்தமாம். ஆய்வகத்தில், அசையாத தண்ணீரில், புத்தம்புது வாட்ச் தாங்கிய 3 பார். அப்புறம் மீட்டர் எதற்கு? பார் என்று போட்டால் யார் மயங்குவார்கள்! அந்தச் சோதனையும் எல்லா வாட்சுக்கும் கிடையாது. ஐஎஸ்ஓ 22810 விதிப்படி மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்தால் போதும். ஒவ்வொன்றையும், குறித்த அழுத்தத்துக்கு மேல் 25 சதவீதம் கூட்டிச் சோதிக்கச் சொல்வது முக்குளிப்போர் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425தான்.

1927 அக்டோபரில் நீச்சல் வீராங்கனை மெர்சிடிஸ் கிளைட்ஸ் ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். கழுத்தில் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் வாட்ச். குளிரில் விறைத்தவரைக் கரை சேரும் முன்பே படகில் தூக்கிப் போட்டார்கள். அடுத்த மாதம் டெய்லி மெயிலின் முதல் பக்கத்தில் வாட்சின் வெற்றி விளம்பரம். மனுஷி தோற்றார், கழுத்தில் தொங்கியது ஜெயித்தது. போகட்டும், அதையாவது நிஜக் கடலில் நனைத்தார்கள்.

இத்தனை வீரமும் நிற்பது மெல்லிய ரப்பர் வளையங்களில். சோப்பு, வெந்நீர், குளோரின், வயது எல்லாம் அவற்றைத் தின்னும். வெந்நீர்க் குளியலின் ஆவி புகுந்தால், ஆறியதும் கண்ணாடிக்குள் பனி. செல் மாற்றினால் வளையத்தைப் பார்த்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். எத்தனை கடையில் செய்கிறார்கள்? கத்தியால் ஒரு நெம்பு. கட்டைவிரலால் ஒரு அமுக்கு. முடிந்தது சோதனை.

சாவியை ஈரத்தில் இழுக்காதே. கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசு. வளையத்தை அவ்வப்போது மாற்று. பொறுப்பெல்லாம் நமக்கு. எண் மட்டும் அவர்களுக்கு.

இத்தனையும் மீறித் தண்ணீர் புகுந்துவிட்டதா? வாரண்டி அட்டையைத் திருப்புங்கள். நீர் புகுந்த சேதத்துக்குப் பொறுப்பல்ல என்று பலர் அச்சடித்திருக்கிறார்கள். முப்பது மீட்டரை உலோகத்தில் பொறித்த அதே கைகள், இதை மட்டும் எறும்பு எழுத்தில்.